ஓட மனமில்லாதவர் 21 கிலோமீட்டரை முடிப்பது எப்படி: செங்கோட்டைச் சாலையில் கற்றவை

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுவதைத் தவிர இரவு ஏழு மணி வரை உடம்புக்கு வேலையில்லை. நாற்பத்தாறு வயது வரை நான் ஓடியதெல்லாம் புறப்பட்டுவிட்ட புனலூர் பஸ்ஸைப் பிடிப்பதற்காகத்தான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொச்சியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் அங்கே டிசம்பரில் நடக்கும் அரை மாரத்தானுக்கு என் பெயரைப் பதிந்து, கட்டணத்தையும் கட்டிவிட்டு, ஜூலை மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "பணத்தத் திருப்பித் தர மாட்டாங்க அத்தான்" என்றார். எனக்கு வந்தது கோபம்தானே ஒழிய உற்சாகம் அல்ல. ஆனால் கணக்கு எழுதுகிறவனால் எதையும் தாங்கிக்கொள்ள முடியும், கட்டிய பணம் வீணாவதை மட்டும் தாங்க முடியாது.

இருபது வாரம் கழித்து அந்த ஓட்டத்தை 2 மணி 57 நிமிடத்தில் முடித்தேன். அனுமதிக்கப்பட்ட நேரம் மூன்றரை மணி. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதை எனக்கு முன்னால் முடித்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த கூட்டமே சொல்லும். ஆனால் ஓடுவதை விரும்புகிறவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விருப்பமே இல்லாமல், ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தால் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது என்று சொல்ல ஆளைக் காணோம் என்பதால், நான் செய்ததையும் செய்து கெட்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரமே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் பாதி 21.0975 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து கேரள எல்லையோரப் புளியரை போகும் வழியைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறவர்களுக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றாது. நடந்து பார்த்தவர்களுக்குத் தோன்றும்.

முதல் படி: மருத்துவரைப் பாருங்கள்

நாற்பது வயதைக் கடந்தவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர் ஆகிய எவரும் மருத்துவரிடம் ஒப்புதல் பெறாமல் தொடங்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளைமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்பதால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலியோ, கண் இருட்டலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். காய்ச்சல் நாளில் ஓடவே வேண்டாம்.

இரண்டாம் படி: மனம் வரும் என்று காத்திராதீர்கள்

"ஓட ஓடப் பிடித்துவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மில்லில் பழைய பேரேடு ஒன்று மிச்சமிருந்தது. அதில் தேதி, நிமிடம், தூரம், வலி என்று பத்திகள் போட்டுக் கடைசியில் "மனம்" என்று ஒரு பத்தியையும் சேர்த்தேன். கிளம்புவதற்கு முன்பு ஓட மனமிருந்ததா இல்லையா என்பதை அங்கே எழுதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டுவேன். இருபது வாரத்தில் அறுபது நாள் ஓடியிருக்க வேண்டும். ஓடியது ஐம்பத்தொன்று. அவற்றில் "ஆம்" என்று எழுதிய நாட்கள் ஏழு. மனம் வந்த நாட்களில் மட்டும் ஓடியிருந்தால் என் மொத்தப் பயிற்சி ஏழு நாளோடு முடிந்திருக்கும்.

ஆகவே மனதைச் சரிசெய்வதை விட்டுவிட்டு ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள். நான் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று மூன்றே நாட்களை வைத்துக்கொண்டேன். விரும்பாதவரிடம் வாரத்துக்கு ஐந்து நாள் கேட்டால் மூன்றாம் வாரத்தில் அவர் ஓடிப்போவார், சாலையில் அல்ல. இரவே உடையையும் ஷூவையும் வாசல் பக்கத்தில் எடுத்து வைப்பேன். கண் விழித்துப் பத்து நிமிடத்துக்குள் வீட்டுப் படியை இறங்கிவிட வேண்டும் என்பதும், இறங்கிப் பத்து நிமிடம் நடந்த பிறகும் முடியவில்லை என்றால் குற்ற உணர்வில்லாமல் திரும்பிவிடலாம் என்பதும் எனக்கு நானே எழுதிக்கொண்ட ஒப்பந்தம். இருபது வாரத்தில் அப்படித் திரும்பியது இரண்டே முறை.

இன்னொன்று வெட்கம். சாலையோர டீக்கடைக்காரர் முதல் நாள் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்று கேட்டார். இரண்டாம் நாள், "யாரும் வெரட்டுதாங்களா?" மூன்றாம் வாரத்தில் கேள்வி நின்றுவிட்டது. நான் வராத வியாழக்கிழமையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை அன்று விசாரித்தார். அந்த விசாரணைக்குப் பயந்தே பல வியாழக்கிழமைகளில் எழுந்தேன்.

மூன்றாம் படி: ஷூ

சிவ்நாத் சிங் வெறுங்காலோடு நீண்ட தூரம் ஓடியவர். 1978-இல் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய மாரத்தான் நேரம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சாதனையாக நின்றது. அதைப் படித்துவிட்டு ஷூ இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அவர் கால் வேறு, நாற்காலிக் கால் வேறு.

எனக்கு வாய்த்த முதல் ஜோடி, காலையில் அவசரமாகப் போய் வாங்கியது. கடைக்காரப் பையன் "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று உறுதி சொன்னான். தளரவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் பெருவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டியது. நாள் முழுவதும் நடமாடிய கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படியே வீங்கும். அதனால் மாலையில் போய், ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அன்றாடச் செருப்பைவிட அரை அளவோ ஓர் அளவோ கூடுதலாகத் தேவைப்படும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொப்புளத்தை உண்டாக்கும் என்பதால் செயற்கை இழைக் காலுறையே நல்லது. உராயும் இடங்களில், அதாவது தொடையிடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு ஆகியவற்றில் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும், மூன்று மணி நேரத்துக்குத் தாங்காது.

நான்காம் படி: மெதுவாக ஓடக் கற்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படித்தால் போதும்.

முதல் நாள் நான் செய்தது எல்லாப் புதியவரும் செய்வது. ஓட்டம் என்றால் ஓட்டம் என்று நினைத்து, பஸ்ஸைப் பிடிக்கும் வேகத்தில் கிளம்பி, இரண்டு கிலோமீட்டரை முடிப்பதற்குள் ஒரு பஞ்சர் கடை வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணைக்கால் எலும்பின் உட்புறம் ஒன்பது நாள் வலித்தது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூச்சு "முடியும்" என்று சொல்கிற வேகத்துக்குக் கால் தயாராக இருப்பதில்லை.

சரியான வேகத்தைக் காட்டக் கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் அதுவே உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பேச ஆளில்லாத நான் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். "பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு" என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடியாத நாளெல்லாம் நடைக்கு இறங்கினேன். இப்படி ஒரு நாள் புளியரைச் சோதனைச்சாவடிக்கு முன்னால் வரிசையில் நின்ற லாரி ஒன்றின் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மலையாள ஓட்டுநர், வாயில் நுரையோடு கையைத் தாழ்த்தி, "பதுக்கெ மதி சேட்டா, பதுக்கெ மதி" என்றார். மெதுவாகப் போனால் போதும் என்று பொருள். அதைவிடச் சுருக்கமாக எனக்கு எந்தப் பயிற்சியாளரும் சொன்னதில்லை.

மெதுவாக ஓடுவதற்கு அடுத்த வழி, இடையிடையே நடப்பது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்தையும் நடையையும் தொடக்கத்திலிருந்தே மாற்றி மாற்றிச் செய்யும் முறையை உலகெங்கும் பரப்பினார். இதில் "தொடக்கத்திலிருந்தே" என்பதுதான் முக்கியம். களைத்துப்போன பிறகு நடப்பது தோல்வியாகத் தோன்றும், மீண்டும் ஓடவும் வராது. களைப்பு வருவதற்கு முன்பே, முதல் மூன்று நிமிட ஓட்டம் முடிந்தவுடனேயே, ஒரு நிமிடம் நடந்துவிட்டால் கால் தசைகளுக்குத் திரும்பத் திரும்ப ஓய்வு கிடைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நான் ஓடும் வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 45 நொடி. நடை கிலோமீட்டருக்கு 11 நிமிடம். மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தால் நான்கு நிமிடத்தில் ஏறத்தாழ 478 மீட்டர் நகர்கிறேன். சராசரி கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 22 நொடி. இதை 21.1-ஆல் பெருக்கினால் மூன்று மணிக்குள் வந்துவிடுகிறது. கால் பங்கு நேரம் நடந்தும் இழப்பது கிலோமீட்டருக்கு அரை நிமிடத்துக்கும் சற்றே அதிகம்தான். இந்தப் பெருக்கலைப் பேரேட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் இது ஆகிற காரியம் என்று முதன்முதலாக நம்பினேன்.

ஐந்தாம் படி: சாலையையும் காற்றையும் அறிந்துகொள்ளுதல்

செங்கோட்டைக் கணவாய் காற்றுக்கான வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் மேல்காற்று, இந்த இடைவெளி வழியாகச் சாரலையும் சுமந்துகொண்டு தென்காசிப் பக்கம் பாய்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது இன்பம். புளியரையை நோக்கி ஓடுகிறவருக்கு யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். ஆகவே இந்த மாதங்களில் மேற்கே எதிர்காற்றில் போய், கிழக்கே பின்காற்றில் திரும்புங்கள். மாறிச் செய்தால், களைத்துப்போன இரண்டாம் பாதியில் காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டி வரும். காற்றுள்ள நாளில் தூரத்தை மறந்து நிமிடத்தை மட்டும் எண்ணுங்கள்.

நான் ஐந்தே காலுக்குக் கிளம்புவேன். அந்த நேரத்தில் பார்டரில் பரோட்டாக் கடைகள் மூடிக் கிடக்கும். முந்தின இரவின் எண்ணெய் வாசமும் மில்களின் ஈர மரத்தூள் வாசமும் கலந்து வரும். ஊர் எல்லை தாண்டியதும் இருபுறமும் வயல், மேலே மலை முகடு, முகட்டில் பஞ்சு போல மேகம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணைச் சாலையில் வையுங்கள். கேரளாவுக்குக் கல்லும் காய்கறியும் ஏற்றிப் போகும் லாரிகள் விடியலுக்கு முன்புதான் வேகம் பிடிக்கும். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை தைத்த மேலாடை அணியுங்கள். காதில் பாட்டு வேண்டாம். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இரவெல்லாம் வரும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். அந்த வாரங்களில் நான் பெருஞ்சாலையை விட்டுவிட்டுக் குளத்தங்கரைப் பாதைக்கு மாறிக்கொண்டேன்.

நாய்கள் தனிக் கதை. ஓடுகிறவரைத்தான் அவை துரத்தும். நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்ல நடந்து அதன் எல்லையைக் கடந்த பிறகு ஓடுங்கள். கடித்துவிட்டால் சிறு கீறலே ஆனாலும் சோப்பு போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கூடவே கூடாது.

ஆறாம் படி: இருபது வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம் மூன்று நாட்களும் முப்பது நிமிடம், ஒரு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை. அடுத்த இரண்டு வாரம் முப்பத்தைந்து நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டுக்கு ஒன்று, ஒன்பதாம் வாரத்திலிருந்து மூன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் நான் கூட்டவில்லை. செவ்வாயும் வியாழனும் கடைசி வரை நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. தூரம் கூடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே.

ஞாயிறுகளின் வரிசை ஐந்தாம் வாரம் தொடங்கி இப்படி: 6, 7, 8, 6 கிலோமீட்டர், பிறகு 9, 10, 12, 8, பிறகு 13, 14, 16, 11, பிறகு 17, 18, 10, இருபதாம் வாரம் ஓட்டம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரம் குறைவதைக் கவனியுங்கள். உடம்பு அந்த வாரத்தில்தான் முந்தைய மூன்று வாரத்தின் சேதத்தைச் செப்பனிடுகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான். செவ்வாய்க்கிழமைப் பாக்கியைப் புதன்கிழமை சேர்த்துக் கட்ட முயல்வது வட்டிக்கு வட்டி கட்டுவதில் முடியும். பயிற்சியில் 21 கிலோமீட்டரை ஒருமுறையாவது ஓடிப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 18 போனவர் 21-உம் போவார்.

ஓடாத நாட்களில் இரண்டு நாள், பத்து நிமிடம் வாசற்படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் இருபது முறை எழுந்து உட்காருவது ஆகியவற்றைச் செய்தேன். முழங்கால் வலி எனக்கு வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். புளியரை எஸ் வளைவு மலைப்பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஒருமுறை அதில் ஏறி, இறங்கும்போது ஓடியும் வந்தேன். ஏறியது வலிக்கவில்லை. இறங்கியதற்கு நான்கு நாள் தொடைச் சதை கல்லாகிக் கிடந்தது. இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் அதன் இழைகள் அதிகம் கிழிபடுகின்றன. சமதளத்தில் ஓடப்போகிறவருக்கு அந்தத் தண்டனை தேவையே இல்லை.

அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. மழையில் ஓடலாம், இடியில் கூடாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாளுக்குள் உலர்ந்துவிடும். வெயிலிலும் அடுப்பின் அருகிலும் வைத்தால் பசை விட்டுவிடும்.

ஏழாம் படி: சோறும் தண்ணீரும்

பதினோராம் வாரத்தில் 12 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறுக்கு முந்தின இரவு, மில் நண்பர்களோடு பார்டரில் நான்கு பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் சாப்பிட்டேன். மறுநாள் ஐந்தாவது கிலோமீட்டரில் நடந்ததை எழுத வேண்டாம். எண்ணெயும் கொழுப்பும் செரிக்க வெகு நேரம் பிடிக்கும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு சோறு, ரசம், அதிகக் காரமில்லாத ஒரு காய் போதும், கீரையும் பயறும் வேண்டாம். காலையில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழமும் கட்டன்காப்பியும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் கால் தளராது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். நான் முதலில் கடலைமிட்டாயை நம்பினேன். உலர்ந்த வாயில் அது பல்லோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. பிறகு கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். இதுவே எனக்கு ஒத்துவந்தது. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை ஞாயிறுகளில் சோதியுங்கள், ஓட்டத்தன்று அல்ல.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் "நிறையக் குடி" என்றே சொல்வார்கள். மெதுவாக ஓடுகிறவருக்கு அதுவே ஆபத்து. 14 கிலோமீட்டர் ஓடிய நாளில் பயத்தால் குடித்துக்கொண்டே போய், வயிறு உப்பி, தலை கனத்து வீடு திரும்பினேன். எடை பார்த்தால் கிளம்பும்போது இருந்ததைவிட 600 கிராம் கூடியிருந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதும் அதனோடு தொடர்புடையவையாக இருந்தன. அளவுக்கு மீறிய நீர் இரத்தத்தின் உப்பை நீர்க்கச் செய்கிறது, முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே கேடாகும்.

ஆகவே ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. சற்றுக் குறைவது சரி, கூடவே கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள். வியர்வை அதிகமுள்ளவர் ஓஆர்எஸ் கரைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்போடு இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது தெம்புக்குப் போதாது, பழம் தனியாக வேண்டும்.

எட்டாம் படி: வலியைப் பிரித்தறிதல்

இரண்டு காலிலும் சமமாக, தசையில், இரண்டு நாளில் தணிகிற வலி வேலை செய்ததற்கான கூலி. ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடுகிற வலி எச்சரிக்கை. நொண்ட வைக்கிற வலியோடு ஓடாதீர்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், உறைந்த தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்காலின் கீழே உருட்டுங்கள், கெண்டைக்காலைச் சுவரில் சாய்ந்து நீட்டுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவர். ஓட்டத்தன்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஒன்பதாம் படி: கடைசி இரண்டு வாரமும் பயணமும்

18 கிலோமீட்டர் முடிந்த பின் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இந்தப் பதினான்கு நாளில் புதிதாக எந்த வலுவையும் சேர்க்க முடியாது, களைப்பை மட்டும்தான் சேர்க்க முடியும். ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை வாரமாக ஓடக் கூடாதா என்று ஏங்காத எனக்கே இந்த நாட்களில் காலில் குறுகுறுப்பு எடுத்தது. பேரேட்டில் உள்ள ஏழு "ஆம்" களில் மூன்று இந்த இரண்டு வாரத்தைச் சேர்ந்தவை.

பயணத்தில் ஒரு தவறு செய்தேன். ஞாயிறு விடியலில் ஓட்டம், சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எண்ணி வெள்ளி இரவு பாலருவி எக்ஸ்பிரஸில் இடம் போட்டேன். அது செங்கோட்டையைக் கடப்பது நள்ளிரவு தாண்டி. வீட்டில் பாதி, நடைமேடையில் பாதி, மலைச் சுரங்கங்களின் இரைச்சலில் மீதி என்று அன்று தூக்கமே இல்லை. சனி இரவு படபடப்பில் எப்படியும் யாருக்கும் தூக்கம் வராது. ஆகவே உண்மையில் எண்ணிக்கைக்கு வருவது வெள்ளி இரவுத் தூக்கம்தான். அதைக் கெடுக்காமல் ஒரு நாள் முன்கூட்டியே போய்விடுங்கள். திரும்பும் வண்டியில் கீழ்ப் படுக்கையாகப் பதியுங்கள். எனக்குக் கிடைத்தது மேல் படுக்கை. ஏறியதை ஒரு பெட்டியே வேடிக்கை பார்த்தது.

பத்தாம் படி: அந்த நாள்

முந்தின மாலையே எண் சீட்டை நான்கு ஊக்குகளால் பனியனில் குத்தி, நேரம் பதியும் சில்லு அதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மடிக்காதீர்கள். புதிதாக எதையும் அணியாதீர்கள், உண்ணாதீர்கள். கழிவறை வரிசை நீளமாக இருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

கொச்சியில் டிசம்பர் விடியல் தென்காசியைப் போல இருக்காது. குளிர் இல்லை, காற்று இல்லை, காயலின் ஈரம் தோலில் பிசுபிசுக்கும். வியர்வை உலராத இடத்தில் உடம்பு சூடாகும். வழக்கத்தைவிடச் சற்றே மெதுவாகத்தான் போக வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். இது தெரிந்தே கடைசி மாதத்தில் சில ஓட்டங்களைக் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். மணி அடித்தவுடன் எல்லோரும் பாய்வார்கள், முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள்தான் கடைசி என்று தோன்றும். மூன்றாவது நிமிடம் முடிந்து நான் நடக்கத் தொடங்கியபோது, முதுகைத் தட்டி "அதுக்குள்ளயா சேட்டா?" என்று சிரித்த இளைஞர்கள் இருவரைப் பதினான்காவது கிலோமீட்டரில் கால் பிடித்து உட்கார்ந்திருக்கக் கண்டேன். நானும் சிரித்திருக்கலாம், மூச்சை வீணாக்க விரும்பவில்லை. பாலங்கள்தாம் அங்கே உள்ள ஒரே ஏற்றம், அவற்றை நடந்தே ஏறினேன். தண்ணீர் மேசையில் காகிதக் குவளையின் வாயைக் கிள்ளிக் குறுக்கி, நடந்துகொண்டே மூன்று மிடறு.

பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே எல்லாம் பாழாகும். கால் வலிப்பது மட்டுமல்ல, ஏன் இதைச் செய்கிறோம் என்ற கேள்வி உரக்கக் கேட்கும். பதில் தேட வேண்டாம். நான் விளக்குக்கம்பங்களை எண்ணினேன். பத்துக் கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. எண்ணிக்கை தவறும்போதெல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கினேன். இருபதாவது பலகையைத் தாண்டியபின் கடைசி ஒரு கிலோமீட்டர் தானாகவே வந்துவிடும், கூட்டம் இழுத்துக்கொண்டு போகும்.

பதினோராம் படி: முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியவுடன் உட்காராதீர்கள். கால்களில் தேங்கிய இரத்தம் மேலே ஏறாமல் தலை சுற்றும். பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையுமாக ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு நாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினால் வலி குறைவு. ஒரு வாரம் நடை மட்டும். கறுத்த நகத்தைப் பிடுங்காதீர்கள், புது நகம் கீழே வளர்ந்து தானே தள்ளிவிடும். என்னுடையது பிப்ரவரியில் விழுந்தது. மறுநாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அறிகுறி அது.

ஊர் திரும்பிப் பேரேட்டை முடித்து வைத்தேன். நிமிடம் 177, தூரம் 21.1, வலி இரண்டு தொடை, வலது பெருவிரல். "மனம்" என்ற பத்தியில், ஓட்டத்தன்று விடிகாலை நான்கு மணிக்குக் கொச்சியில் எழுதிய "இல்லை" அப்படியே இருக்கிறது. பேரேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.